ஹப்பைக் கருக்குவது எப்படி?

லாரி வாங்கிப் பல வருடமாகியும் ஒரு ஹப்பைக்கூட ஒழுங்காகக் கருக்கிப் பார்க்காதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது. தேவையானவை: பாரம் ஏற்றிய வண்டி ஒன்று, நீளமான இறக்கம் ஒன்று, கொஞ்சம் அவசரம். நாமக்கல், சங்ககிரி வண்டிக்காரர்கள் இறக்கத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. வடக்கேயிருந்து திரும்பும்போது தருமபுரி தாண்டியதும் தொப்பூர் கணவாய் தானாகவே வந்து சேரும்.

கணவாய் தொடங்கும் இடத்தில் கியரை எடுத்து நியூட்ரலில் விடுங்கள். டீசல் மிச்சம். எஞ்சின் இழுத்துப் பிடித்திருக்க வேண்டிய பாரம் மொத்தமும் பிரேக்கின் தலையில் விழும்; விழட்டும், அதற்குத்தானே பிரேக் வைத்திருக்கிறார்கள். எக்ஸாஸ்ட் பிரேக் சுவிட்சைத் தொடவே தொடாதீர்கள், வண்டியை விற்கும்போது புத்தம் புதிதாக இருக்கும். பெடலிலிருந்து காலை எடுக்காமல் லேசாக மிதித்தபடியே இறங்குங்கள். டிரம் சூடேறி விரியும், லைனர் அதைத் தொட இன்னும் கொஞ்சம் நகர வேண்டிவரும், தொட்டாலும் வழுக்கும். பெடல் ஒவ்வொரு வளைவுக்கும் சற்றுக் கூடுதலாகக் கீழே போவதை ரசிக்கத் தெரிய வேண்டும்.

அடிவாரத்தில் டீக்கு நிறுத்தும்போது கிளீனர் வந்து, "அண்ணா, பின்னாடி புகையுதுங்க" என்பான். "லைனர் புதுசுடா, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிடுங்கள். லைனர் மாற்றி எத்தனை மாதமானாலும் இந்தப் பதில் செல்லும்.

இனி நோயறிதல். கொரோனா காலத்தில் கடை வாசலில் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அந்தத் துப்பாக்கியின் அண்ணன் ஒருவன் உண்டு. சூடான இரும்பைத் தொடாமலே டிகிரி சொல்வான். அவனை வாங்காதீர்கள். வாங்கினால் உண்மை தெரிந்துவிடும். ஒரே ஆக்சிலில் இடதும் வலதும் ஏறக்குறைய ஒரே அளவு கொதித்தால் காரணம் ஓட்டியவரின் கால். ஒரு பக்கம் மட்டும் கொதித்தால் கோளாறு அந்தச் சக்கரத்தில். டிரம் அதிகம் சுட்டு நடுவிலுள்ள ஹப் மூடி குறைவாகச் சுட்டால் பிரேக் விடாமல் உரசிக்கொண்டிருக்கிறது. மூடி அதிகமாகச் சுட்டு டிரம் அடங்கியிருந்தால் பேரிங். இப்படி இரண்டே நிமிடத்தில் விஷயம் முடிந்துபோனால் டீக்கடையில் பேச என்ன இருக்கிறது? ஆறியபிறகு ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்கும் பழக்கமும் வேண்டாம். கரகரப்பும் ஆட்டமும் தெரிந்து மனம் சங்கடப்படும்.

வாளித் தண்ணீர்தான் சிறந்த மருந்து. கொதிக்கிற டிரம்மின் மேல் ஒரே வீச்சாக ஊற்றுங்கள். வார்ப்பிரும்பு 'டிக்' என்று பதில் சொல்லும். அந்த விரிசல் இன்று கண்ணுக்குத் தெரியாது என்பதால் சண்டையும் வராது. பிறகு ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுத் தூங்கப் போங்கள். சூட்டோடு இறுகிய டிரம் விடியும்வரை லைனரை விடாது.

கேலியை ஒரு பத்தி நிறுத்திவைக்கிறேன். டயரே எரியத் தொடங்கிவிட்டால் சின்ன தீயணைப்பான் ஜுவாலையை அடக்கும், ஆனால் உள்ளே சூடு இருக்கும்வரை ரப்பர் மறுபடி பற்றும். அப்போதுதான் தண்ணீர் வேண்டும், ஏராளமாக. டயர் வெடிக்கக்கூடும், அதனால் சக்கரத்துக்குப் பக்கவாட்டில் யாரும் நிற்கக் கூடாது. வண்டியை விட்டு விலகித் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிடுங்கள்.

சரி, பட்டறைக்கு வருவோம். ஹப்பைக் கழற்றினால் உருளைகள் நீலம் பாரித்திருக்கும். எஃகு அந்த நிறத்துக்கு வர 300 டிகிரி செல்சியஸ் அளவில் வெந்திருக்க வேண்டும். "பாலிஷ் நல்லாருக்கு" என்று திரும்ப மாட்டிவிடலாம். மனம் கேட்கவில்லையென்றால் உள் கோனை மட்டும் மாற்றுங்கள், ஹப்புக்குள் இருக்கும் வெளி வளையம் பழையதே இருக்கட்டும்; தேய்ந்த பள்ளங்கள் புது உருளைகளுக்கு வழிகாட்டும். டீசலில் கழுவிய பேரிங்கைக் கம்ப்ரசர் காற்றில் விசிலடிக்கச் சுழற்றும் விளையாட்டு எல்லாப் பட்டறையிலும் பிரபலம். உருளை தெறித்தால் கண்ணுக்கு நல்லதல்ல என்பதை யாரும் சொல்லித்தருவதில்லை.

கிரீஸை நிறம் பார்த்து வாங்குங்கள். அது வெறும் சாயம்தான், ஆனால் சிவப்பு பார்க்க ஜோராக இருக்கும். சாதாரண லித்தியம் கிரீஸ் 180 டிகிரிக்கு மேல் உருகிச் சொட்டும், லித்தியம் காம்ப்ளக்ஸ் 250 தாண்டியும் நிற்கும் என்றெல்லாம் டப்பாவில் அச்சடித்திருப்பார்கள், படிக்க நேரமேது? பழைய கிரீஸை வழிக்காமல் வேறு ரகத்தை மேலே அப்பினால் இரண்டும் சேர்ந்து நீர்த்துப்போகும் வாய்ப்பு உண்டு. உருளைகளுக்கு நடுவே கிரீஸ் ஏற வேண்டியது முக்கியமில்லை. ஹப்பின் குழியை விளிம்புவரை நிரப்புவதே கௌரவம். இடமில்லாத கிரீஸ் கடைந்து கடைந்து தானே சூடேறும், பிறகு சீலைத் தள்ளிக்கொண்டு லைனருக்குப் போகும். பழைய சீலையே போட்டிருந்தால் இன்னும் சீக்கிரம்.

கடைசியாக நட். பல கனரக ஆக்சில்களில் பேரிங்குக்கு விடவேண்டிய ஆட்டம் 0.025 முதல் 0.125 மில்லிமீட்டர்வரை. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, தளர்த்தி, மீண்டும் அளவாக இறுக்கி, டயல் வைத்துப் பார்ப்பவர்கள் வேறு வேலை இல்லாதவர்கள். நீங்கள் ஸ்பேனரில் ஒரு பைப்பைச் செருகி இருவராகத் தொங்குங்கள்.

இவ்வளவும் செய்துவிட்டு, பிரேக் ஏன் விடவில்லை என்று மட்டும் பார்த்துவிடாதீர்கள். பல நேரம் ஹப் அடிவாங்கிய பையன்தான், அடித்தவன் பக்கத்தில் இருப்பான்: இறுகிப்போன கேம் புஷ், அறுந்த ரிட்டர்ன் ஸ்பிரிங், அளவுக்கு மேல் இறுக்கிய ஸ்லாக் அட்ஜஸ்டர். அல்லது எங்கோ காற்று கசிந்திருக்கும். காற்று இருந்தால் விட்டு, குறைந்தால் பிடிப்பதுதான் ஸ்பிரிங் பிரேக்கின் வேலை. ஏர் மீட்டர் முள் பாதியில் நிற்கும்போதே கிளம்பினால் அது பாதி பிடித்தபடி கூடவே வரும். இவற்றைத் தொடாமல் விட்டால் அதே சக்கரம் அடுத்த நடையிலும் உங்களைத் தேடி வரும். பட்டறைக்காரருக்கும் பிழைப்பு வேண்டாமா?

என்றாவது ஒருநாள் சமதளத்தில், டிரம்மோடு சேர்ந்த சக்கரம் ஒன்று உங்களை இடதுபுறமாக முந்திக்கொண்டு போகும். ஹாரன் அடிக்காதீர்கள், அது உங்களுடையதுதான். எங்கே போய் விழுகிறது என்று கிளீனரைப் பார்த்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.