ஊதாத டர்போவும் ஊதும் டர்போவும்

இன்றைக்குப் புதுச்சேரிப் பக்கம் மடுகரையில் புதுக் கார் எடுத்தவரிடம் "டர்போவா?" என்று கேட்டுப் பாருங்கள். "ஷோரூம்ல அப்படித்தான் சொன்னாங்க" என்பார். மூன்றே சிலிண்டர், ஒரு லிட்டர் பெட்ரோல் என்ஜின்கூட இப்போது டர்போவோடு பிறக்கிறது. டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, கல்மண்டபம் வரைக்கும் வேகத்தடை வேகத்தடையாக ஏறி இறங்கி ஓட்டுகிறார்கள். உள்ளே நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்று வரை சுற்றக்கூடிய ஒரு சக்கரம் இருப்பது அவர்களைப் பொறுத்தவரை கார் கம்பெனியின் குடும்ப விஷயம்.

அந்தக் காலத்தில் டர்போ என்றால் லாரிக்காரர்கள் வாயில் வரும் சொல். என் மச்சானிடம் டாடா இண்டிகா டீசல் இருந்தது. 1998-ல் அறிமுகமான வண்டி. 1405 சிசி, சாதா என்ஜின், சுமார் 53 குதிரைத்திறன். ஏசியைப் போட்டால் அதில் சில குதிரைகள் படுத்துவிடும். ஒருநாள் சிறுவந்தாடு தாண்டி கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று இவரை முந்திவிட்டது. வண்டியில் பெண் வீட்டார் வேறு இருந்தார்கள். குடும்ப மானம் போய்விட்டதென்று முடிவு செய்த மச்சான், பழைய டர்போ தேடிச் சென்னை புதுப்பேட்டைக்குக் கிளம்பினார். துணைக்கு நானும், புதுச்சேரி மேட்டுப்பாளையம் லாரி முனையத்துப் பக்கம் பட்டறை வைத்திருந்த மேஸ்திரி ஒருவரும்.

கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது லாரி டர்போ. பெரிய பூசணிக்காய் அளவு. "பெருசா இருந்தா பவர் ஜாஸ்தி சார்." மச்சான் கண்ணில் ஒளி. மேஸ்திரி தொடக்கூட இல்லை. டர்போவைச் சுற்றுவது என்ஜின் கழிக்கும் புகை; அந்தச் சுற்றில்தான் அது என்ஜினுக்குள் காற்றை ஊதும். ஆறு லிட்டர் என்ஜினின் புகைக்காகச் செய்த சக்கரத்தை ஒன்றரை லிட்டர்கூட இல்லாத என்ஜின் எப்படிச் சுற்றும்? "இது ஊத ஆரம்பிக்கறதுக்குள்ள நீங்க வில்லியனூர் போய் டீ குடிச்சிட்டுத் திரும்பிடுவீங்க" என்றார்.

அடுத்து சின்னதாக ஒன்று வந்தது. டீசல் ஊற்றிக் கழுவி, புதுப் பெண் மாதிரி மினுக்கி வைத்திருந்தார்கள். மேஸ்திரிக்கு அந்த மினுக்கலே சந்தேகம். நடுத்தண்டின் முனையை இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தார். இலேசாக ஆடியது. மச்சான் முகம் சுளித்தார். "அது ஆடணும். தண்டு ஆயில்லதான் மெதக்குது. ஆயில் இல்லாம கையில புடிச்சா கொஞ்சம் ஆடத்தான் செய்யும். ஆடும்போது எறக்கை சுவத்துல உரசக் கூடாது, அவ்ளோதான்." பிறகு முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளினார். அங்கே ஆட்டம் தெரிந்தால் பேரிங் போய்விட்டதென்று அர்த்தமாம். இறக்கை விளிம்புகளை நகத்தால் தடவினார். ஒரு பிசிறு போதும், தூசியோ திருகாணியோ உள்ளே போயிருக்கிறது. காற்றுப் பக்கம் விரலை விட்டு எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்று பார்த்தார். சைலன்சர் பக்கத்து வார்ப்பிரும்பில் வெடிப்பு தேடினார். மிஞ்சிய புகையைத் திருப்பிவிடும் வேஸ்ட்கேட்டின் கம்பியை அழுத்தினார். நாலைந்து டர்போக்கள் தோற்றபின் ஒன்று தேறியது. ஜாதகம்கூட இவ்வளவு நேரம் பார்க்க மாட்டார்கள்.

வாங்கியாயிற்று. ஊர் திரும்பும் வழியில்தான் மேஸ்திரி மீதிப் பட்டியலைச் சொன்னார். டர்போவுக்கு ஆயில் போக ஒரு குழாய், திரும்பி வர அதைவிடத் தடித்த குழாய், புதிதாக மேனிஃபோல்டு, பெரிய சைலன்சர், காற்றுக்கு ஏற்ற டீசல் விட பம்ப் செட்டிங். டர்போ விலை அந்தக் கணக்கில் மொய்ப்பணம்தான். "டீசலாவது தாங்கும், பெட்ரோலா இருந்தா நாக்கிங் வந்து பிஸ்டனே போயிடும்" என்று ஆறுதலும் சொன்னார்.

அமெரிக்கர்கள் அந்தப் பாடத்தை 1962-லேயே படித்துவிட்டார்கள். ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் காரில் 10.25-க்கு 1 என்ற உயர்ந்த அழுத்த விகிதத்தை வைத்துக்கொண்டே டர்போவும் வைத்தார்கள். நாக்கிங், அதாவது பெட்ரோல் நேரம் தவறி வெடிப்பது, வராமலிருக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை அவ்வப்போது ஊற்ற வேண்டும். வாங்கியவர்கள் ஊற்ற மறந்தார்கள். கடைசியில் கம்பெனியே பல கார்களில் டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டரை மாட்டிக் கொடுத்தது. இன்றைய கார்களில் நாக்கிங் வருவதை சென்சார் மோப்பம் பிடிக்கிறது, கம்ப்யூட்டர் சமாளிக்கிறது. ஓட்டுபவர் எதையும் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. நம்மவர்கள் வைத்திருப்பதும் இல்லை.

மேஸ்திரியின் பட்டியலுக்குப் பிறகு எங்கள் டர்போ இண்டிகாவில் ஏறவே இல்லை. திண்ணையில் கரண்ட் பில் பறக்காமலிருக்க உட்கார்ந்திருந்தது. கொஞ்ச நாளில் அதே 1405 சிசி என்ஜினுக்கு டாடாவே டர்போ வைத்து விற்க, மச்சான் வண்டியை மாற்றிக்கொண்டார். இப்போது அவர் மகன் டர்போ பெட்ரோல் கார் வைத்திருக்கிறான். மச்சான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, "மெதுவாப் போடா, மைலேஜ் அடி வாங்கும்" என்கிறார். டிராக்டர்கள் முந்திப் போகின்றன. அவற்றில் சிலவற்றிலும் இப்போது டர்போ உண்டு.

இன்னமும் சாதா என்ஜினுக்குப் பழைய டர்போ தேடுகிறவர்கள் புதுப்பேட்டைக்குப் போகுமுன் ஆர்.சி. புத்தகத்தைப் பாருங்கள். தயாரிப்பாளர் குறிப்பிட்டு அதில் பதிவான விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது. ஆசை அடங்காவிட்டால், கம்பெனியே டர்போ வைத்து விற்ற வண்டியைப் பழசாக வாங்குங்கள். அதற்கும் மேஸ்திரியைக் கூட்டிப் போய், தண்டை ஆட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.