காதில் விழாத கொள்ளை

திருமுருகன்பூண்டிக்கு வழிப்பறி புதிதல்ல. சேரமான் பெருமாள் கொடுத்தனுப்பிய பொன்னைச் சுந்தரரிடமிருந்து சிவனின் பூதகணங்கள் வேடர் வேஷத்தில் பிடுங்கிக்கொண்டது இங்கேதான் என்கிறது தலபுராணம். அவர் ஏசிப் பாடியதும் பொன் திரும்பி வந்தது. இப்போதைய வேடர்கள் கூரியரில் வருகிறார்கள். திருப்பித் தருகிற பேச்சே கிடையாது. சரக்கின் பெயர் அல்ட்ராசோனிக் எலி விரட்டி. பிளக்கில் சொருகினால் நீல விளக்கு எரியும், எலி ஊரைக் காலி செய்துவிடும்.

சாமர்த்தியத்தைப் பாருங்கள். 20,000 ஹெர்ட்ஸுக்கு மேலே போன சத்தம் மனுஷக் காதுக்கு எட்டாது. கருவி கத்துகிறதா, சும்மா கிடக்கிறதா என்று காசு கொடுத்தவருக்கே தெரியாது. தெரிந்த ஒரே ஜீவன் எலி. அது நுகர்வோர் கோர்ட்டில் சாட்சி சொல்ல வராது. எலிக்கு 80,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்பது மெய். புதுச் சத்தத்துக்கு முதலில் கொஞ்சம் மிரளும் என்பதும் மெய். சில நாளில் பழகிவிடும் என்பதை அச்சடிக்கத்தான் அட்டைப் பெட்டியில் இடம் போதவில்லை. விடிய விடிய ஓடும் நிட்டிங் மெஷினுக்கு அடியிலேயே குட்டி போட்டு வளர்க்கிற இனம் இது!

பெரிய கூத்து, இதைப் பனியன் ஊரில் விற்பது. இந்த ஒலி சுவரைத் தாண்டாது. மெத்தென்ற பொருளில் பட்டால் அங்கேயே அமுங்கிவிடும். நம் குடோன்களில் என்ன இருக்கிறது? கூரை முட்டத் துணி ரோல், மூலைக்கு மூலை கட்டிங் வேஸ்ட் மூட்டை. சத்தத்தை விழுங்கவென்றே கட்டிய அறைகூட இவ்வளவு கச்சிதமாக அமையாது. கருவிக்கு நேரெதிரே கொஞ்சம் வெறுந்தரை போக, மிச்சமெல்லாம் எலிக்குப் பட்டா போட்ட இடம். ஊர்ச் சிற்பப் பட்டறைகளில் பிள்ளையாரின் காலடியில் செதுக்கி வைத்த கல் மூஞ்சூறு வேண்டுமானால் இந்தக் கருவிக்கு அடங்கி உட்கார்ந்திருக்கும்.

அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2001-லேயே இந்தக் கருவிகளைச் செய்பவர்கள், விற்பவர்கள் என 60-க்கும் மேற்பட்டோருக்கு, ஆதாரமில்லாமல் அளக்கக் கூடாது என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. நம் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் பொய் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம் என்கிறது. போடலாம்தான்.

விற்கிறவனைவிட எனக்கு ஆத்திரம் வாங்கி மாட்டுகிற முதலாளிமேல். ஃபாரின் பையரின் ஆடிட் நாளில் சுவருக்குச் சுவர் நீல விளக்கு கண் சிமிட்டும், ஃபைலில் எலி ஒழிப்புக்கு நேரே டிக் விழும். ஆடிட்டரின் கார் அவினாசி ரோட்டைத் தொடுவதற்குள் எலி ரோல்மேல் ஏறியிருக்கும். சுண்டெலி நுழைய 6 மில்லிமீட்டர் சந்து போதும். நம் ஷட்டர்களுக்கு அடியிலோ பெருச்சாளியே குடும்பத்தோடு போய்வரலாம். அதை அடைக்கச் சொன்னால் ஆர்டர் இல்லை, நூல் விலை ஏறிவிட்டது என்று அழுகை. எலிக்காய்ச்சல் வந்து படுக்கப்போவது அவரா? பீஸ் ரேட்டில் தைக்கிற பெண். படுத்த நாளுக்கு அவளுக்குக் கூலியும் கிடையாது.

ரசீது வைத்திருப்பவர்கள் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டுப் புகார் சொல்லுங்கள். முதலாளிமாரே, நீங்கள் நாளைக் காலையில் ஒரு கொத்தனாரைக் கூப்பிடுங்கள். கொஞ்சம் சிமெண்ட், ஷட்டருக்கு அடியில் ஒரு தகரப் பட்டை. வேஸ்ட் மூட்டையை அன்றன்றைக்கே வெளியேற்றுங்கள்.