சாவி யார்கிட்ட இருக்கு, வாத்தியாரே?

வாங்க வாத்தியாரே, உக்காருங்க. கம்ப்யூட்டர் பயிற்சிக்குப் போயிட்டு வர்றீங்கன்னு கழுத்துல தொங்குற அட்டையே சொல்லுது. கருத்தாளர் திரையில படம் போட்டாராமே? நீங்களும் பார்த்தீங்களாமே? வடை நல்லா இருந்துச்சுன்னு ஊரே பேசுது. சென்னையில கத்துக்கிட்டவர் மாவட்டத்துக்குச் சொல்லி, மாவட்டம் வட்டாரத்துக்குச் சொல்லி, வட்டாரம் உங்களுக்குச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள மிஞ்சினது கையெழுத்தும் குரூப் போட்டோவும்தானா? பொத்தானைத் தொட்டாவது பார்த்தீங்களா, இல்ல அதுக்குத் தனிப் பயிற்சி வைப்பாங்களா?

கோவிச்சுக்காதீங்க. நம்ம சந்தூர்ப் பக்கம் நாத்துப்பண்ணையில மா ஒட்டுக் கட்டுறவன் எப்படிக் கத்துக்குறான்? கையில கத்தியும் ஒரு கட்டுக் குச்சியும் கொடுத்து, "வெட்டிப் பாழாக்கு"ன்னு சொல்லிட்டு முதலாளி டீ குடிக்கப் போயிடுவான். முதல்ல கட்டுறதெல்லாம் காஞ்சு போகும். யாரும் திட்ட மாட்டாங்க. உங்க லேப்ல ஒரு பிள்ளை தப்பா ஒரு பொத்தானை அமுக்கினா என்ன நடக்குது? பூட்டிச் சாவியை பீரோவுல வைக்கிறீங்க. ஆய்வுக்கு அதிகாரி வர்ற அன்னைக்குத்தான் மானிட்டர் மேல போத்தின துணி இறங்குது.

இது நேத்து வந்த வியாதி இல்ல. 1984லயே டெல்லி சர்க்கார் ‘கிளாஸ்’னு திட்டம் போட்டு, சீமையில இருந்து பிபிசி மைக்ரோங்கிற பெட்டியை இறக்கிப் பள்ளிக்கூடங்கள்ல வச்சுச்சு. நம்ம பிளஸ் டூ புத்தகத்துல ரொம்ப வருஷம் ஸ்டார் ஆபீஸ்னு ஒரு மென்பொருள் இருந்துச்சு. அதை வச்சிருந்த சன் கம்பெனியை 2010ல ஆரக்கிள் வாங்கி, அப்புறம் அந்தச் சரக்கையே நிறுத்திட்டான். நம்ம புத்தகம் மட்டும் 2019ல பைத்தான் வர்ற வரைக்கும் அதை விடலை. கிழவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னுதானே பாக்குறீங்க? அந்தப் புத்தகத்தாள்லதான் கடைக்காரன் போண்டா மடிச்சான். தின்னுக்கிட்டே படிச்சேன். பைத்தான் வந்தது நல்ல காரியம், அதையும் சொல்லிடுறேன். 2011ல லேப்டாப் கொடுத்தாங்க, அதுவும் நல்ல காரியம்தான், பெரிய பேரன் சினிமா பார்த்தே தேய்ச்சுட்டான். இப்போ டி.என்.ஸ்பார்க்னு ஒரு திட்டத்துல ஆறாவதுல இருந்து ஏ.ஐ., ரோபோன்னு வருதாம். வரட்டும். கணினியில பி.எட். முடிச்சவங்க வேலை கேட்டு எத்தனையோ வருஷமா நடையா நடக்குறாங்க. அவங்களையும் உள்ள வரவிட்டா ரோபோவுக்கும் துணைக்கு ஆள் இருக்கும்.

கூத்தனப்பள்ளிப் பக்கம் டாடா ஆலையில ஐபோனுக்கு உடம்பு செய்யுறாங்க. அங்க வேலைக்குப் போற பொண்ணுங்க வண்டி நம்ம ரோட்லதான் போகுது. இங்க அந்தப் பொண்ணுங்களோட தங்கச்சிங்க மவுஸைத் தொட வரிசையில நிக்குதுங்க, அதுக்குள்ள மணி அடிச்சுடுது. பாதிப் பிள்ளைங்க வீட்டுல தெலுங்கு, மீதியில பாதி கன்னடம், பள்ளிக்கூடத்துல தமிழ், பெட்டிக்குள்ள இங்கிலீஷ். 1999லயே தமிழ் விசைப்பலகைக்கு ஒரு முறை வகுத்தாச்சு, தமிழ்99. உயிரெல்லாம் இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்குன்னு அழகா வச்சிருக்கு. உங்க பயிற்சியில அது இருந்துச்சா? சிரிக்கிறீங்க. புரிஞ்சுபோச்சு.

நான் ஒண்ணு சொல்றேன், எமிஸ் இணையதளத்துல ஏத்தாதீங்க. அடுத்த பயிற்சியில கருத்தாளரை உக்கார வச்சு, நீங்க செஞ்சு காட்டுங்க. ஒவ்வொரு வாத்தியாரும் ஒரு பாடத்தைக் கெடுத்துப் பார்த்துட்டுத்தான் வெளியே போகணும். லேப்ல ரெண்டு பிள்ளைக்கு ஒரு பெட்டி. கையைப் பின்னால கட்டிக்கிட்டு நிக்கிற பிள்ளைக்குத்தான் முதல் தடவை. முதல் பாடத்துக்குப் புத்தகம் வேண்டாம், ராயக்கோட்டை மண்டியில அப்பன் வாங்கிட்டு வர்ற தக்காளிச் சீட்டைக் கொண்டாரச் சொல்லுங்க. எத்தனை கிரேட்டு, என்ன விலை, வண்டி வாடகை, கமிஷன் எவ்வளவு போச்சு. பிள்ளையே நிரல் எழுதிக் கழிச்சுப் பாக்கட்டும்.

மண்டிக்காரருக்குக் காய்ச்சல் வரும், வரட்டும். என் பேரன் உங்க வகுப்புலதான் இருக்கான். அவன் கொண்டார்ற சீட்டுல மட்டும் கொஞ்சம் பாத்துக்குங்க. நான் வீட்டுல சொன்ன விலை வேற, சீட்டுல இருக்கிற விலை வேற. அவன் பாட்டிக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, ஆனா பேரன் சொன்னா நம்பிடுவா.