கடற்காற்று வருவதற்குள்

பெட்டியின் மூடியில் மஞ்சள் விமானம் ஒன்று மேகத்துக்கு மேலே பறந்துகொண்டிருந்தது. பெட்டிக்குள் விமானம் இல்லை. மெல்லிய மரத்தகடுகள் நாலைந்து, தீக்குச்சிக் கனத்தில் ஒரு கட்டுச் சட்டங்கள், எட்டாக மடித்த வரைபடம், ஒரு சுருள் ரப்பர், சிவப்பில் ஒன்றும் மஞ்சளில் ஒன்றுமாக இரண்டு தாள், அவ்வளவுதான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு தகட்டை எடுத்தேன். கை வெடுக்கென்று மேலே போய்விட்டது. மரம் என்று நினைத்துக் கொடுத்த பலத்தில் கால்வாசிகூட அதற்குத் தேவைப்படவில்லை.

"நெட்டி மாதிரி இருக்கு தாத்தா."

"நெட்டி இல்லடா தம்பி. பால்சா. தென்னமெரிக்கா மரம்."

1979 மாசி மாதம். எனக்குப் பதின்மூன்று வயது. காரைக்கால் வரிச்சிக்குடியில் எங்கள் தெருக்கோடியில் இருந்த அந்தத் தாத்தாவை எல்லாரும் சொல்தா என்றுதான் கூப்பிடுவார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து பென்ஷன் வாங்குகிறவர்களுக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். 1954 நவம்பர் 1-ஆம் தேதி காரைக்கால் இந்தியாவின் கைக்கு வந்த பிறகும், பிரான்சிலிருந்து வரும் பென்ஷனும் பெட்டிகளும் நிற்கவில்லை. அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தவர் லீவுக்கு வந்த அவர் மகன். பேரனுக்கு என்று வாங்கியதாம். பேரன் ஒரு நாள் பார்த்துவிட்டு விட்டுவிட்டான். நான் விடவில்லை.

பால்சா என்றால் ஸ்பானிய மொழியில் தெப்பம் என்று பல வருடம் கழித்துப் படித்துத் தெரிந்துகொண்டேன். ஈக்வடார் கரையோரத்து மக்கள் அந்த மரத்தைக் கட்டித்தான் கடலில் போனார்கள். 1947-இல் தோர் ஹேயர்தால் ஒன்பது பால்சா மரங்களைக் கட்டிய கோன்-டிக்கித் தெப்பத்தில் பெருவிலிருந்து 101 நாளில் பசிபிக்கின் பாலினேசியத் தீவுகளுக்குப் போய்ச் சேர்ந்தார். எங்கள் வீட்டிலிருந்து கிழக்கே கொஞ்ச தூரம் நடந்தால் காளிக்குப்பம். அங்கே இலேசான மரங்களைக் கயிற்றால் கட்டிக் கடலில் இறக்குவதைச் சிறுவயது முழுவதும் பார்த்திருக்கிறேன். அதற்குக் கட்டுமரம் என்று பெயர். உலகத்தின் இரண்டு கோடியில் இரண்டு கரைக்காரர்கள் ஒரே விஷயத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். மிதக்கிற மரம்தான் பறக்கவும் செய்யும் என்பது எனக்கு அதிசயமாகவே இருந்தது, இன்னும் இருக்கிறது.

தேக்கு ஒரு கன மீட்டர் 650 கிலோ வாக்கில் இருக்கும். பால்சா சராசரியாக 160 கிலோ. ஏழெட்டு வருடத்திலேயே வெட்டுகிற பருவத்துக்கு வந்துவிடும் மரம் அது. பச்சையாக இருக்கும்போது பெரும்பகுதி தண்ணீர்தான். சூளையில் வைத்து அந்தத் தண்ணீரை ஓட்டிவிட்டால் மிஞ்சுவது காற்று நிரம்பிய கூடு.

கட்டுவதற்குப் பலகை வேண்டும். வரைபடத்தை விரித்து, அதன் மேல் எண்ணெய்த்தாள் போட்டு, சட்டங்களை அந்தந்தக் கோட்டின் மேல் வைத்துக் குண்டூசியால் நிறுத்தி ஒட்ட வேண்டும். எங்கள் வீட்டுப் பலகை எதிலும் குண்டூசி இறங்கவில்லை. தாத்தாதான் கொல்லையில் விழுந்து கிடந்த கல்யாண முருங்கையை அறுத்து இழைத்துக் கொடுத்தார். வெண்ணெயில் இறங்குகிற மாதிரி ஊசி இறங்கியது. சவர பிளேடை நீளவாக்கில் இரண்டாக உடைத்து, ஒரு பாதிக்குத் துணி சுற்றிப் பிடி போட்டோம். விலாக்கள் பதினாறு. ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் நீளத்துக்கு மேல் கொஞ்சம். அவசரப்பட்டால் பிளேடு மரத்தின் ரேகையோடு ஓடிவிடும். "தூஸ்மாங்டா, தூஸ்மாங்" என்பார் தாத்தா. மெதுவாக என்று பிரெஞ்சில். அந்த ஒரு சொல்லை நான் இன்றைக்கும் எதையாவது வெட்டும்போது சொல்லிக்கொள்கிறேன்.

எலும்புக்கூடு முடிய ஐந்து வாரம் ஆயிற்று. பள்ளிக்கூடம் விட்டு வந்து விளக்கு வைக்கும்வரை வேலை. உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, விலாவெல்லாம் ஒரே வரிசையில் நிற்கிறதா என்று பார்ப்பார். அப்படியே விட்டுவிட்டால்கூடப் போதும் என்று இருக்கும். அவ்வளவு அழகு. ஆனால் எலும்பு பறக்காது.

தாள் போர்த்துவதுதான் இந்த வேலையின் உயிர். துணிக்குப் பாவு, ஊடு இருப்பதுபோல் தாளுக்கும் ஓர் ஓட்டம் உண்டு. ஓரத்தைக் கிழித்துப் பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் நேராகக் கிழிகிறதோ அதுதான் ஓட்டம். அது இறக்கையின் நீளவாக்கில் வர வேண்டும். மாற்றிப் போட்டால் விலாவுக்கு விலா தாள் பள்ளமாகத் தொய்ந்துபோகும். நீர்க்கக் காய்ச்சிய மைதா பசையைச் சட்டத்தின் ஓரத்தில் மட்டும் விரலால் தடவி, தாளை விட்டு, சுருக்கத்தை வெளியே நீவ வேண்டும். முற்றாகச் சமமாக வராது. வர வேண்டியதும் இல்லை. மீதியைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும். இஸ்திரிக்காரர் வேட்டிக்கு ஊதுவதுபோல் தாத்தா வாயில் தண்ணீர் வைத்து இறக்கை மேல் பூஞ்சாரலாக ஊதினார். தாள் நனைந்து தொங்கியது. எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. அரைமணியில் காய்ந்து இழுத்துக்கொண்டபோது ஒரு சுருக்கம் இல்லை. விரலால் சுண்டினால் தவிலின் வலந்தலைபோல் பேசியது.

அந்த இழுப்புக்குப் பலம் அதிகம். காயும்போது இறக்கையைப் பலகையோடு ஊசியால் பிடித்து வைக்காவிட்டால் அது இறக்கையையே முறுக்கிவிடும். இடது இறக்கை காயும்போது அதை நான் எடுத்து எடுத்துப் பார்த்தேன். பின்விளிம்பு நூல் கனத்துக்குத் திரும்பிவிட்டது. அதற்கான விலையைப் பிறகு கொடுத்தேன்.

தாளுக்கு மேல் டோப் பூச வேண்டும். தாளின் கண்களை அடைத்து, காற்றும் ஈரமும் புகாமல், தாளையும் மரத்தையும் ஒரே உடம்பாக்குவது அது. தீப்பற்றும் சரக்கு என்பதால் பெட்டியோடு வரவில்லை. தாத்தா ஒரு வழி வைத்திருந்தார். உடைந்த டேபிள் டென்னிஸ் பந்துகளைச் சேர்த்துத் துண்டாக்கி அசிட்டோனில் ஊறப்போட்டார். அந்தப் பந்து செல்லுலாய்டு. இரண்டு நாளில் கரைந்து பாகாகிவிட்டது. அதில் நாலு சொட்டு விளக்கெண்ணெய் விட்டார். இல்லாவிட்டால் நாளாக நாளாகத் தாள் நொறுங்குமாம். அடுப்பு அணைந்த பிறகுதான் அந்தப் பாட்டிலைத் திறக்கவே விடுவார்.

முதல் பூச்சை நான் மாலை நாலு மணிக்குப் பூசினேன். பத்து நிமிடத்தில் சிவப்பு இறக்கை முழுக்கச் சாம்பல் பூத்ததுபோல் வெளுத்துவிட்டது. பாழாக்கிவிட்டேன் என்று நினைத்தேன். அசிட்டோன் வேகமாக ஆவியாகும்போது பூசிய இடம் சில்லிட்டுப்போகும். கடற்காற்றில் இருக்கிற ஈரம் அங்கே பனியாகப் படிந்து, பூச்சுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். பாரிஸில் அச்சடித்த வழிமுறைத் தாளுக்கு எங்கள் கடற்கரை தெரியாது. தாத்தாவுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் ஊரில் வெயில் நாட்களில் காலையில் மேற்கிலிருந்து தரைக்காற்று, உலர்ந்தது. உச்சிக்குக் கொஞ்சம் முன்னே பின்னே திசை திரும்பிக் கடற்காற்று நுழையும். ஒன்பது மணிக்கும் பதினோரு மணிக்கும் நடுவில் பூசிவிட வேண்டும். மறுநாள் அந்த நேரத்தில் மேலே ஒரு கை மெல்லிசாகப் பூசினார். பழைய பூச்சு இளகி, வெளுப்பு கலைந்து, சிவப்பு திரும்பி வந்தது.

பிறகொரு நாள் படித்தேன். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் கட்டிய மஸ்கிட்டோ போர்விமானத்தின் உடம்பு இரண்டு ஒட்டுப்பலகைகளுக்கு நடுவே பால்சா வைத்து ஒட்டியது. 1944-இன் கடைசியில் இந்தியாவில் அவற்றில் சில பறக்கும்போதே உடைந்தன. பசையையும், மரம் சேர்ந்த விதத்தையும், நம் தட்பவெப்பத்தையும் வைத்து விசாரணை நடந்தது. படிக்கும்போது எனக்கு அந்த வெளுத்துப்போன இறக்கை ஞாபகம் வந்தது. மரத்தையும் பசையையும் நம்பிப் பறக்கிற எதற்கும் ஈரம்தான் முதல் எதிரி.

பங்குனியில் ஒரு விடிகாலை. சம்பா அறுத்த வயலில் உளுந்து நின்றது. களத்துமேட்டிலிருந்து விட்டோம். ரப்பரை இருநூறு சுற்று முறுக்கித் தாத்தா நீட்டினார். நான் விட்டேன். ஏறியது. நாங்கள் நினைத்ததைவிட உயரம் ஏறியது. பிறகு இடது இறக்கையின் முறுக்கு வேலையைக் காட்ட, பெரிய வட்டமடித்து உளுந்துக்குள் இறங்கிவிட்டது. வயல்காரர் போட்ட சத்தம் தெரு வரை கேட்டது. விமானம் இறங்குவதற்குள் பதினெட்டு எண்ணியிருந்தேன். பெட்டி வந்த அதே பிரான்சில், 1871 ஆகஸ்ட் 18-இல், அல்போன்ஸ் பெனோ என்ற இருபத்தொரு வயதுப் பையன் பாரிஸின் துய்லெரி தோட்டத்தில் ரப்பர் முறுக்கிய விமானத்தை விட்டான். பதினோரு நொடியில் நாற்பது மீட்டர் போனது. ரப்பர் விமானங்களுக்கெல்லாம் மூத்தது அது. இது தாத்தாவுக்குத் தெரியாது. நான் தெரிந்துகொண்டபோது சொல்வதற்கு அவர் இல்லை.

இரண்டாவது விமானத்துக்குப் பால்சா கிடைக்கவில்லை. காரைக்காலில் இல்லை, கும்பகோணத்தில் இல்லை. கல்கத்தாவுக்கு மணியார்டர் அனுப்பி, ஒன்றரை மில்லிமீட்டர்த் தகடு ஆறு வந்து சேர ஏழு வாரம். பிறகு கல்லூரியில் என்.சி.சி. விமானப் பிரிவில் சேர்ந்தபோது அரசாங்கச் செலவில் பால்சா பார்த்தேன். ஈதரும் மண்ணெண்ணெயும் விளக்கெண்ணெயும் கலந்து ஓடும் குட்டி டீசல் இன்ஜின் வைத்த விமானத்தைக் கயிற்றில் கட்டி வட்டமடிக்க விடுவோம். விளக்கெண்ணெய் புகையின் அந்த வாசனை சட்டையை விட்டுப் போகாது.

இப்போது எனக்கு வயது அறுபதை எட்டப்போகிறது. தங்கை பேத்திக்கு அன்று எனக்கிருந்த வயதுதான். அவளிடம் நுரைப் பலகையில் செய்த விமானம் இருக்கிறது. இணையத்தில் வாங்கியது. பேட்டரி, மோட்டார், பத்து நிமிடம் பறக்கும். விழுந்தால் உடையாது. நல்ல விமானம், குறை சொல்ல மாட்டேன். நடிகர் அஜித் ஆலோசகராக இருந்த சென்னை எம்.ஐ.டி. மாணவர்களின் தக்‌ஷா அணி 2018-இல் ஆஸ்திரேலியாவில் மருத்துவ ட்ரோன் போட்டியில் இரண்டாமிடம் வாங்கியது அவளுக்கு மனப்பாடம். பக்கத்துத் திருவேட்டக்குடியில் என்.ஐ.டி. வந்துவிட்டது. டெல்டா வயல்களில் ட்ரோன் மருந்தடிக்கிறது. வானத்தில் எதையாவது பறக்கவிட வேண்டும் என்கிற பிள்ளைக்கு இன்று வழி திறந்திருக்கிறது. எனக்குச் சந்தோஷம்தான்.

பால்சாவும் தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டது. ஆறு தகடு அல்ல, டன் கணக்கில். காற்றாலை இறக்கைகள் பலவற்றின் உள்ளே, கண்ணாடி இழைக்கு நடுவில் வைத்திருப்பது பால்சாதான். முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் அவை சுழல்வதைப் பார்க்கும்போதெல்லாம் கை அந்தத் தகட்டைத் தேடுகிறது. 2020 வாக்கில் உலகம் முழுக்கக் காற்றாலை பெருகி, ஈக்வடார் காடுகளில் சொந்தக்காரரைக் கேட்காமலே வெட்டுகிற அளவுக்குப் பால்சாவுக்குக் கிராக்கி வந்தது. அந்த ஊர்ப் பையன் ஒருவனுக்கு ஒரு தகடு கிடைக்கிறதா என்று நினைத்துக்கொள்வேன்.

நெட்டி வேறு கதை. என் சிறுவயதில் குளத்தோரத்தில் சீந்துவாரில்லாமல் கிடந்தது. மாட்டுப் பொங்கலுக்கு மாட்டின் கழுத்தில் வண்ண வண்ணமாய்த் தொங்கி, மறுநாள் குப்பையில் கிடக்கும். தஞ்சாவூர்க் கைவினைஞர்கள் அதே தண்டைச் சீவிப் பெரிய கோயிலைச் செய்வார்கள். பால்சாவைத் தொட்டதும் என் வாயில் முதலில் வந்த சொல் அதுதான். ஆனால் அதில் விமானம் கட்டலாம் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. கல்கத்தாவுக்குப் பணம் கட்டிவிட்டு, நெட்டி பூத்த குளத்தோரமாகத்தான் நடந்து வீட்டுக்கு வந்தேன். ரைட் சகோதரர்களுக்கு 1878-இல் அப்பா வாங்கிவந்த பொம்மை ஹெலிகாப்டரும் பெனோ செய்த ஒரு மாதிரியில் வந்ததுதான். தக்கை, மூங்கில், காகிதம், ரப்பர். அந்த நாலும் எங்கள் கொல்லையைச் சுற்றியே இருந்தன.

2020-இல் தஞ்சாவூர் நெட்டி வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தத் தைமாதம் பேத்தியோடு குளம் குளமாகத் தேடினேன். பாதிக் குளம் தூர்ந்துவிட்டது, மீதியில் ஆகாயத்தாமரை. கடைசியில் தஞ்சாவூரில் ஒரு கைவினைஞரிடம் பத்துத் தண்டு வாங்கி வந்தோம். விலா எல்லாம் நெட்டி. நடுச்சட்டத்துக்கு மூங்கில் சிம்பு, ஏனென்றால் நெட்டி வளைவு தாங்காது. பிளேடு அதில் சத்தமே இல்லாமல் இறங்குகிறது.

டோப்புக்குத்தான் திண்டாடினோம். 2014-இலிருந்து போட்டிப் பந்துகள் செல்லுலாய்டு இல்லை, வேறு பிளாஸ்டிக். கதவுக்குப் பூசுகிற என்.சி. லேக்கரை மெலிதாக்கி விளக்கெண்ணெய் சேர்த்தேன். இஸ்திரிப்பெட்டியால் ஒட்டுகிற பிளாஸ்டிக் படலம் வாங்கலாமே என்றாள் பேத்தி. ஈரத்துக்கு அது பயப்படாது, உண்மை. ஆனால் இவ்வளவு சிறிய இறக்கைக்கு அது கனம். டோப் பூசிய தாள் இறக்கைக்குக் கொடுக்கிற விறைப்பையும் அது கொடுக்காது. தாளையே போர்த்தினோம். தண்ணீர் ஊதும்போது அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாள் தொங்கியதும் உதட்டைக் கடித்தாள்.

"கை வைக்காத பாப்பா. ஊசிய எடுக்காத."

"எவ்ளோ நேரம் தாத்தா?"

"அரை மணி."

எடுக்கவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு பலகையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். எனக்கு இல்லாத பொறுமை. மணி பத்தேகால். தென்னங்கீற்று இன்னும் மேற்கிலிருந்துதான் ஆடியது. லேக்கர் டப்பாவைத் திறந்து, பிரஷ்ஷை அவள் கையில் கொடுத்தேன்.