வெள்ளைப் பல்லுக்குக் காவல்

2006-இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலம் போருக்குப் புறப்பட்டது. எதிரி எல்லை தாண்டி வந்தவன் அல்லன். மால்களில் பாப்கார்ன் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவே ஒரு நாற்காலியும் ஒரு எல்.இ.டி. விளக்கும் போட்டுக்கொண்டு, காசு வாங்கிப் பல்லை வெளுக்க வைத்தவன். போர் என்று நானாக ஊதிப் பெருக்கவில்லை. பல் மருத்துவர்களுக்கு லைசென்ஸ் கொடுக்கும் மாநில வாரியத்தின் உயரதிகாரி ஒருவரே, இந்த ஆட்களோடு போரிடக் கிளம்பிவிட்டோம் என்ற பொருளில் பேசியது உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது.

படையின் அணிவகுப்பைப் பாருங்கள். வாரியத்தில் மொத்தம் 8 பேர். அவர்களில் 6 பேர் சொந்தமாகத் தொழில் நடத்தும் பல் மருத்துவர்கள். அவர்களைத் தேர்தல் வைத்து அனுப்புகிறவர்களும் பல் மருத்துவர்களே. ஏழாவது ஆள் பல் சுத்தம் செய்யும் ஹைஜீனிஸ்ட். அவரை ஹைஜீனிஸ்டுகள் தேர்ந்தெடுப்பார்கள். எட்டாவது நாற்காலி பொதுமக்களின் பிரதிநிதிக்கு. அவரை ஆளுநர் நியமிப்பார். மாநிலத்தில் உள்ள அத்தனை வாய்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு நாற்காலி! மருத்துவரிடமிருந்து நோயாளியைக் காப்பாற்றப் பிறந்த அமைப்பு இது என்பதை மறந்துவிடாதீர்கள். மறந்தால் உங்களைக் குறை சொல்ல முடியாது, வாரியமே மறந்துவிட்டது.

போருக்கு என்ன காரணம்? 1990-களில் அந்த மாநிலப் பல் மருத்துவர்கள் பல் வெளுப்புத் தொழிலில் இறங்கினார்கள். நல்ல வருமானம். வழக்குக்குரிய காலத்தில் வாரியத்தில் வெவ்வேறு சமயங்களில் இருந்த 10 உறுப்பினர்களில் 8 பேர் அந்த வேலையில் கணிசமாகச் சம்பாதித்தவர்கள். 2003 வாக்கில் மருத்துவர் அல்லாதவர்கள் அதே வேலையைக் குறைந்த விலைக்குச் செய்யத் தொடங்கினார்கள். உடனே பல் மருத்துவர்களிடமிருந்து வாரியத்துக்குப் புகார்கள் வந்து குவிந்தன. ஈறு வெந்துவிட்டது, பல் கூசுகிறது என்றா? அப்படி ஆபத்தைப் பேசிய புகார்கள் சில இருந்தன. பெரும்பாலான புகார்களின் சாரம் வேறு: அவன் விலையைக் குறைக்கிறான்.

வாரியம் விசாரணை வைத்தது. விசாரணைக்குத் தலைமை ஒரு பல் மருத்துவர். ஹைஜீனிஸ்டுக்கும் பொதுமக்கள் பிரதிநிதிக்கும் அதில் பங்கே இல்லை. நல்லதுதான். அந்த ஒற்றைப் பிரதிநிதியை உள்ளே விட்டிருந்தால், குறைந்த விலை என்றால் எங்களுக்கு லாபம்தானே என்று கேட்டுத் தொலைத்திருப்பார்.

மாநிலச் சட்டத்தில் ஒரு வரி உண்டு. மனிதப் பல்லிலிருந்து கறையையும் படிவையும் நீக்குவது பல் மருத்துவம் என்கிறது அது. பல்லை வெளுக்க வைப்பது பற்றி அந்தச் சட்டத்தில் ஒரு பேச்சும் இல்லை. ஆனால் கறை என்ற ஒற்றைச் சொல் கிடைத்துவிட்டது, போதாதா? இந்த வாரியத்தின் கையில் நம்மூர்ப் பாட்டிகள் சிக்கியிருந்தால் கதி என்ன என்று யோசித்துப் பார்க்கிறேன். உமிக்கரியும் வேப்பங்குச்சியுமாகப் பேரப்பிள்ளைகளின் பல்லைத் தேய்த்துவிட்ட குற்றத்துக்கு ஆயுள் முழுக்க ஜாமீன் கிடைத்திருக்காது.

இங்கே ஒரு சிக்கல். லைசென்ஸ் இல்லாமல் ஒருவர் பல் மருத்துவம் பார்க்கிறார் என்று வாரியம் நினைத்தால் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை கேட்கலாம். தானே உத்தரவு போட்டுக் கடையை மூடச் சொல்லும் அதிகாரம் அதற்குக் கிடையாது. பல் வெளுப்புக்கென்று விதி ஒன்றை இயற்றலாம்தான், ஆனால் அதைச் சுயேச்சையான ஒரு குழு பரிசீலிக்கும். நீதிமன்றம் என்றால் ஆதாரம் கேட்பார்கள், பரிசீலனை என்றால் காரணம் கேட்பார்கள். இந்தத் தொல்லையெல்லாம் எதற்கு? வாரியம் லெட்டர்ஹெட்டை எடுத்தது. பல் வெளுப்புக் கடைக்காரர்களுக்கும் அதற்கான பொருள்களைத் தயாரிப்பவர்களுக்கும் குறைந்தது 47 கடிதங்கள் பறந்தன. உடனே நிறுத்து, லைசென்ஸ் இல்லாமல் பல் மருத்துவம் பார்ப்பது கிரிமினல் குற்றம் என்று அரசு முத்திரையோடு வந்த காகிதத்தைப் பார்த்து, மாதக் கடைசியில் வாடகைக்கு அல்லாடும் கடைக்காரர் சட்டப்புத்தகத்தையா புரட்டிக்கொண்டிருப்பார்? 2007-இல் அழகுக்கலை வாரியத்தைப் பிடித்து, பார்லர்காரர்கள் யாரும் பல்லில் கை வைக்கக் கூடாதென்று எச்சரிக்க வைத்தார்கள். அதே ஆண்டு மால் நிர்வாகங்களுக்கும் கடிதம் போயிற்று: உங்கள் இடத்தில் சட்டமீறல் நடக்கிறது, அந்தக் கடைக்காரர்களை வெளியேற்றுவது பற்றி யோசியுங்கள். மருத்துவர் அல்லாதவர்களின் பல் வெளுப்புக் கடைகள் மாநிலத்திலிருந்து மறைந்தன. ஒரு நீதிபதியின் கையெழுத்தும் தேவைப்படவில்லை.

பல்லை வெளுக்க வைக்கும் பெராக்சைடு ஈறைச் சுடும் என்பது உண்மை. ஆனால் அதே பெராக்சைடு தடவிய பட்டைகள் மருந்துக்கடை அலமாரியில் தொங்குகின்றன. எவரும் வாங்கிப்போய்க் குளியலறையில் நின்று, எவருடைய மேற்பார்வையும் இல்லாமல் ஒட்டிக்கொள்ளலாம். அதைப் பற்றி வாரியத்துக்குத் தூக்கம் கெடவில்லை. நாற்காலி போட்டு உட்காரவைத்தால்தான் பெராக்சைடுக்கு விஷம் ஏறும் போலிருக்கிறது.

2010-இல், சந்தைப் போட்டியைக் காக்கும் மத்திய அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் வழக்குத் தொடுத்தது. போட்டியாளர்களை ஒழிக்கக் கூட்டுச் சேர்ந்தீர்கள் என்பது குற்றச்சாட்டு. வாரியம் சொன்ன பதில் ரசிக்கத்தக்கது: நாங்கள்தான் அரசு, அரசு மீது போட்டிச் சட்டம் பாயாது. 1943-இல் கலிபோர்னியாவின் உலர்திராட்சை விற்பனை பற்றிய வழக்கொன்றில் மாநில அரசுகளுக்கு அந்தக் கவசம் கிடைத்திருந்தது. காலையில் க்ளினிக்கில் பல் வெளுத்துப் பணம் எண்ணிவிட்டு, மாலையில் வாரியக் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்ததும் அரசாகிவிடும் வித்தையை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. 2015 பிப்ரவரி 25 அன்று 6-க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. எழுதியவர் நீதிபதி கென்னடி. சந்தையில் கடை வைத்திருப்பவர்களே பெரும்பான்மையாக இருந்து ஒரு வாரியத்தை நடத்தினால், அவர்கள் செய்வதை மாநில அரசு உண்மையாகவே மேற்பார்வை பார்த்தால்தான் அந்தக் கவசம் செல்லும் என்றார். மறுத்து எழுதிய நீதிபதி அலிட்டோ, இத்தகைய வாரியங்கள் தொடக்கத்திலிருந்தே அந்தந்தத் தொழில்காரர்கள் கையில்தான் இருந்து வருகின்றன, இதில் புதிதாக அதிர்ச்சி அடைய என்ன இருக்கிறது என்ற தொனியில் வாதிட்டார். வரலாற்றைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி. வழக்கின் மிகக் கசப்பான உண்மையை எடுத்து வைத்தவர் வாரியத்துக்குப் பரிந்து பேசியவரே.

சட்டம் திருத்திவிட்டது என்று யாராவது நிம்மதியாக மூச்சு விட்டிருந்தால், அதே 2015-இல் கனெக்டிகட் மாநில வழக்கொன்றில் வந்த தீர்ப்பு அதைப் பிடுங்கிக்கொண்டது. அங்கே பல் மருத்துவ ஆணையம் 2011-இல் ஒரு ஞானத்தை அருளியிருந்தது. பல் வெளுப்புக் கடைக்காரர் எல்.இ.டி. விளக்கை வாடிக்கையாளரின் வாய்க்கு நேரே திருப்பி வைத்தால் குற்றம். விளக்கை விற்கலாம், கையில் கொடுக்கலாம், எப்படிப் பிடிப்பது என்று பாடமும் நடத்தலாம். திருப்பும் அந்த ஒரு அங்குலத்தை மட்டும் வாடிக்கையாளர் தன் கையால் செய்துகொள்ள வேண்டும். இல்லையென்றால் பல் மருத்துவர் வர வேண்டும். வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போயிற்று. விதி செல்லும் என்றார்கள் நீதிபதிகள். அதோடு நிற்கவில்லை. ஒரு தொழிலுக்குப் பொருளாதார ரீதியில் சலுகை காட்டுவதே அரசின் நியாயமான நோக்கமாக இருக்கலாம் என்றும் பெரும்பான்மைத் தீர்ப்பு சொன்னது. பொதுச் சுகாதாரம் என்ற வேட்டியைக்கூட இடுப்பில் கட்டிக்கொள்ளத் தேவையில்லை என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது.

பல் வெளுப்பை மேட்டுக்குடிச் சண்டை என்று தள்ளிவிடலாம். தெற்கு கரோலினாவை அப்படித் தள்ள முடியாது. ஏழைப் பிள்ளைகள் பல் மருத்துவரையே பார்ப்பதில்லை என்பதால், ஹைஜீனிஸ்டுகள் பள்ளிக்கூடத்துக்கே போய்ப் பல் சுத்தம் செய்யலாம், ஃபுளோரைடு பூசலாம், மருத்துவர் முன்கூட்டிச் சோதிக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று அம்மாநிலச் சட்டமன்றம் 2000-இல் வழிவிட்டது. வேலை தொடங்கிவிட்டது, பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். 2001 ஜூலையில் பல் மருத்துவ வாரியம் அவசர விதி ஒன்றைப் பிறப்பித்து, சட்டமன்றம் நீக்கிய அதே கட்டாயத்தைக் கொல்லைப்புற வழியாகத் திரும்பக் கொண்டுவந்தது. அவசரம்! எந்தக் கொள்ளைநோய் பரவிற்று, எந்தக் குழந்தை செத்தது? ஏழைக் குழந்தையின் பல்லை லைசென்ஸ் உள்ள ஒரு ஹைஜீனிஸ்ட் துலக்கிவிட்டார், அதுதான் அவசரம். இவர் மாலில் கடை போட்ட ஆள்கூட இல்லை. அதே வாரியம் லைசென்ஸ் கொடுத்த ஆள். ஆறு மாதம் அந்த விதி உயிரோடு இருந்தது. ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குப் பராமரிப்பு கிடைக்காமல் போனதென்று ஃபெடரல் டிரேட் கமிஷன் 2003-இல் குற்றம் சாட்டியது. வழக்கு 2007-இல் சமரசத்தில் முடிந்தது. அதற்குள் 2001-இல் பால்பல்லோடு வரிசையில் நின்ற பிள்ளைக்கு நிரந்தரப் பல் முளைத்து, அதிலும் சொத்தை விழுந்திருக்கும்.

அலாஸ்காவில் படையெடுத்தது வாரியம் அல்ல, சங்கம். ஆனால் ஆட்கள் அதே குலம். சாலையே இல்லாத, சின்ன விமானத்திலும் பனிவண்டியிலும் போய்ச் சேர வேண்டிய பழங்குடிக் கிராமங்கள் அங்கே உண்டு. பல்வலி வந்தால் மருத்துவர் வந்து இறங்கும் நாள் வரை வலியோடு உட்கார்ந்திருக்க வேண்டும். பழங்குடி மக்களின் சுகாதார அமைப்பு தம் ஆட்களையே நியூசிலாந்துக்கு அனுப்பி, சொத்தை அடைக்கவும் பல் பிடுங்கவும் இரண்டாண்டுப் பயிற்சி கொடுத்துக் கூட்டிவந்தது. நியூசிலாந்துப் பள்ளிகளில் 1920-களிலிருந்தே இப்படிப் பயிற்சி பெற்றவர்கள் பிள்ளைகளின் பல்லைப் பார்த்துவருகிறார்கள். 2006-இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம், மாநிலச் சங்கத்தையும் சேர்த்துக்கொண்டு வழக்குப் போட்டது: மாநில லைசென்ஸ் இல்லாமல் இவர்கள் பல் மருத்துவம் பார்க்கிறார்கள். தான் போகாத ஊருக்கு, போகிறவனையும் போகவிடாமல் தடுக்கும் வழக்கு. 2007-இல் நீதிமன்றம் அதைத் தள்ளியது.

2007 என்றேன். வட கரோலினா வாரியம் மால்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்த அந்த ஆண்டு, பிப்ரவரி 25 அன்று, மேரிலாந்தில் 12 வயதுச் சிறுவன் ஒருவன் பல்வலியால் செத்தான். சொத்தைப் பல்லில் சீழ் கட்டி, கிருமி மூளைக்கு ஏறிவிட்டது. 80 டாலர் செலவில் பிடுங்கிப் போட்டிருக்க வேண்டிய பல். இரண்டு மூளை அறுவைச் சிகிச்சை, ஆறு வாரங்களுக்கு மேல் மருத்துவமனை, இரண்டரை லட்சம் டாலர் வரை செலவு. பிள்ளை பிழைக்கவில்லை. ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிக்எய்டை ஏற்கும் பல் மருத்துவரைத் தேடி அந்தத் தாய் அலைந்ததும்கூட அவனுக்காக அல்ல, வாயெல்லாம் சொத்தையாயிருந்த அவனுடைய தம்பிக்காக. ஒரு வழக்கறிஞரும் உதவி மையத்து ஆட்களும் சேர்ந்து போராடித்தான் அந்தத் தம்பிக்கே ஒரு மருத்துவர் கிடைத்தார். அண்ணன் பல் வலிக்கிறது என்று பெரிதாக அழவும் இல்லை. சரியாக எட்டு ஆண்டு கழித்து, அதே பிப்ரவரி 25 அன்று, பல் வெளுப்பு உரிமை யாருக்கு என்று நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தது.

லைசென்ஸே வேண்டாம் என்று சொல்கிற கூட்டம் இந்தக் கதைகளையெல்லாம் தூக்கிக்கொண்டு ஆடும். அவர்கள் ஓக்லஹோமாவுக்கும் ஒரு நடை போய் வரட்டும். 2013-இல் டல்சா நகரத்தில் முறையான லைசென்ஸ் வைத்திருந்த ஒரு வாய் அறுவை மருத்துவரின் க்ளினிக்கைத் திறந்து பார்த்தபோது துருப்பிடித்த கருவிகள் கிடைத்தன. கருவிகளைக் கொதிநீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பல ஆண்டுகளாகச் சோதிக்கவே இல்லை. தகுதியில்லாத உதவியாளர்கள் நோயாளிகளுக்கு ஊசி வழியே மயக்கமருந்து ஏற்றியிருந்தார்கள். ஏறக்குறைய 7,000 பேரை ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொன்னார்கள். பல் சிகிச்சை நடந்த இடத்தில் ஒரு நோயாளியிடமிருந்து இன்னொருவருக்கு ஹெபடைடிஸ் சி தொற்றியது அமெரிக்காவில் முதன்முறையாக உறுதியானது. லைசென்ஸ் என்ற ஒன்று எதற்காக உண்டானதோ அதற்கான இடம் இதுதான். இங்கேதான் எட்டிப் பார்த்திருக்க வேண்டும், இங்கேதான் அலமாரியைத் திறந்திருக்க வேண்டும். ஒரு நோயாளிக்குத் தொற்று வந்து, அது எங்கிருந்து வந்ததென்று தேடிப் போன பிறகே கதவு திறந்தது. மாலில் இருந்தவன் விலையைக் குறைத்ததை உடனே மோப்பம் பிடிக்கும் மூக்கு, துரு நாற்றத்தை ஆண்டுக்கணக்கில் உணரவில்லை.

மேரிலாந்து வேறு மாநிலம், ஓக்லஹோமா வேறு, ஒன்றின் பழியை இன்னொன்றின் தலையில் போடலாமா என்று கேட்பார்கள். போட வேண்டாம். ஏழைப் பிள்ளையை ஏற்காத மருத்துவரைத் தட்டிக் கேட்க எந்த வாரியத்துக்கும் அதிகாரம் இல்லையே என்பார்கள். உண்மைதான், இல்லை. பல் வெளுப்புக் கடையை மூடச் சொல்லவும் வட கரோலினா வாரியத்துக்கு அதிகாரம் இருக்கவில்லை. அப்போது மட்டும் 47 கடிதத்துக்கான காகிதமும், மை தீராத பேனாவும், தபால்தலையும் எங்கிருந்து கிடைத்தன?