ஜாவாவை ஆண்டது சேகண்டிதான்

ஜாவாக்காரர்களின் புராணப்படி, சக ஆண்டு 167-இல் லாவு மலைமேல் அமர்ந்து ஆட்சி செய்த கடவுள் சங் ஹ்யாங் குருவுக்கு ஒரு நிர்வாகச் சிக்கல்: தேவர்களைக் கூட்டம் கூட்ட வழியில்லை. பெரிய வெண்கலச் சேகண்டி ஒன்றைச் செய்து தட்டினார். ‘எல்லாரும் வாங்க’ என்று சொல்ல அது போதும். ‘நீ மட்டும் வா, மற்றவன் நாளைக்கு வா’ என்பதை ஒரே சேகண்டியில் எப்படிச் சொல்வது? இரண்டாவது வந்தது, மூன்றாவதும் வந்தது. கமெலான் இசைக்குழு பிறந்துவிட்டது. தேவர்கள் நேரத்துக்கு வந்தார்களா என்பது பற்றிப் புராணம் மூச்சுவிடவில்லை.

பிறகு வந்த மன்னர்கள் வாத்தியங்களுக்கே ‘க்யாய்’ என்று பட்டம் கட்டிப் பெயர் சூட்டினார்கள். வாத்தியத்தைத் தாண்டக் கூடாது. செருப்போடு நெருங்கக் கூடாது. பெரிய சேகண்டிக்குப் பூவும் தூபமும் உண்டு. மந்திரிகள் பொறாமைப்பட்டிருப்பார்கள்.

1755-இல் ஜாவாவின் மாதரம் அரச குடும்பத்தில் சித்தப்பாவுக்கும் அண்ணன் மகனுக்கும் தகராறு முற்ற, டச்சுக் கம்பெனி நாட்டாமையாக வந்து உட்கார்ந்து, கியாந்தி ஒப்பந்தத்தில் பாகம் பிரித்தது. யோக்யகர்த்தா சித்தப்பாவுக்கு, சுரகர்த்தா அண்ணன் மகனுக்கு. சரி, அரண்மனையின் ஆண்டு விழாவான செகாத்தேனில் ஜோடியாக முழங்கும் இரட்டைக் கமெலான்? ஆளுக்கு ஒன்று! ஒற்றையை வைத்து விழா நடத்த முடியாதே. எனவே இரண்டு அரண்மனைகளும் செலவு செய்து விட்டுப்போன ஜோடியைப் புதிதாக வார்த்துக்கொண்டன. யோக்யகர்த்தாவில் க்யாய் குந்தூர் மடுவுக்குத் துணையாக க்யாய் நாக விலகா வந்து சேர்ந்தார். ஒரு கமெலானின் சுருதி இன்னொன்றோடு ஒத்துப்போக வேண்டும் என்ற சட்டம் ஜாவாவில் கிடையாது. வைத்திருந்தவர்களும் ஒத்துப்போகவில்லை.

பக்கத்துத் தீவான பாலியிலும் கமெலான் உண்டு. அங்கே 1906-லும் 1908-லும் டச்சுப் படை தெற்கத்தி அரசுகளை ரத்தத்தில் முடித்தது. ராஜாக்கள் போனார்கள், வெண்கலம் தங்கியது. கிராமத்து ஆட்கள் நிதானமான அரண்மனை வாத்தியங்கள் பலவற்றைக் கூச்சமில்லாமல் உருக்கி, வடபாலியில் முளைத்த ‘கெப்யார்’ என்ற அதிரடிப் பாணிக்கு மாற்றி வார்த்தார்கள். பட்டமும் பவிசும் உலையில் கரைந்தன. சத்தம் மட்டும் கூடியது.

யோக்யகர்த்தாவின் பாகு ஆலம் அரண்மனைக் கமெலானில் ‘புஸ்பவர்ணா’ என்றொரு உருப்படி உண்டு. இளவரசர் சபைக்கு எழுந்தருளும்போது வாசிப்பது. 1977-இல் நாசா அதை வாயேஜர் விண்கலங்களின் தங்கத்தட்டில் பதித்து அனுப்பியது. 2012-இல் வாயேஜர் 1 நட்சத்திரங்களுக்கு இடையிலான வெளிக்குள் நுழைந்தது. வரவேற்பு இசை அவ்வளவு தூரம் போய்விட்டது. இளவரசர்தான் யோக்யகர்த்தாவைத் தாண்டவில்லை.