முப்பது கிலோப் பருவம்

கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறோடு நிறுத்திக்கொண்டார்கள் நம் முன்னோர். ஏழாவது பருவம் ஒன்று உண்டு. ஷார்ஜாவில் ஜூலைத் தொடக்கத்தில் பள்ளிக்கூடம் பூட்டிய மறுநாள் அது பிறக்கிறது. திருச்சி விமானத்தில் பெல்ட் மாட்டும்போது முடிகிறது. இதை இதுவரை எவரும் முறையாக ஆராயவில்லை. ஆராயத் தகுதி உடையவர்கள் எல்லோரும் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதே காரணம் எனத் துணியலாம்.

ஆய்வெல்லை: அல் நஹ்தா பகுதியில் இரண்டு படுக்கையறை ஃபிளாட் ஒன்று. காலம்: பதினேழு நாள். ஆய்வுப்பொருள்: பதினைந்து வயது, ஆண், பத்தாம் வகுப்பு, கட்டுரையாளரின் மகன். ஒரே ஒரு மாதிரியை வைத்துக்கொண்டு பொதுவிதி காண்பது முறையா என்று கேட்பவர்கள், இன்னும் நாலு பையன்களை எங்கள் வீட்டில் வைத்து ஏசி போட்டுப் பார்த்துவிட்டு, அந்த மாத சேவா கரண்ட் பில்லையும் அவர்களே கட்டட்டும்.

பள்ளி பூட்டிய அன்றே கிளம்பினால் என்ன என்பது முதல் வினா. வளைகுடாவில் பாதிப் பேர் அன்றுதான் கிளம்புகிறார்கள். டிக்கெட் விலை அதற்கேற்ப ஏறுகிறது. மேலும், அலுவலகத்தில் என் நாற்காலியில் உட்காரவேண்டிய பாலக்காட்டு நண்பர் ஊருக்குப் போயிருக்கிறார். அவர் வந்தால்தான் நான் போகலாம். அவரும் இப்படித்தான் இன்னொருவருக்காகக் காத்திருந்து போனார். ஆக, ஒரு பதின்வயதுப் பையனின் பதினேழு நாள் என்பது பாலக்காட்டில் யாரோ ஒருவருடைய மச்சினன் கல்யாணத்தைப் பொறுத்தது என்பது பெறப்படும்.

இனித் திணை. தொல்காப்பியர் பாலைக்கு நிலம் கொடுக்கவில்லை. பொழுது மட்டும் கொடுத்தார். வேனிலும் நண்பகலும். நிலத்தை நாங்கள் பிற்காலத்தில் தேடிக்கொண்டோம். உரையாசிரியர்கள் பாலைக்குச் சொன்ன பறவைகளில் புறாவும் ஒன்று. எங்கள் பால்கனியில் ஏசி வெளிப்பெட்டியின் இடுக்கில் இரண்டு குடும்பம் இருக்கிறது. வாடகை கிடையாது. உரிப்பொருளில்தான் சிக்கல். பாலைக்கு உரியது பிரிவு. பொருள் தேடப் போனவன் சுரத்தைக் கடந்து போவான், வருவான் என்பதே மரபு. இங்கே அவன் சுரத்தின் நடுவிலேயே ஃபிளாட் எடுத்து, மனைவி மக்களையும் கூட்டிவந்துவிட்டான். பிரிவு வீட்டுக்குள் இல்லை. பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் அப்பாயி வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. இந்தத் திணைமயக்கத்தை இலக்கணிகள் எவ்வாறு அமைதி கொள்வார்களோ, அது அவர்கள் பாடு.

ஆய்வுப்பொருளின் அன்றாடத்துக்கு வருவோம். அது பகல் ஒரு மணிக்கு எழுகிறது. பதின்வயதில் உறக்கம் வரவழைக்கும் சுரப்பு இரவில் தாமதமாகவே சுரக்கிறது என்று மருத்துவ அறிவியல் சொல்வதை ஆய்வுப்பொருள் நன்கு அறியும். அதை மட்டும் நன்கு அறியும். ஷார்ஜா கடிகாரம் இந்தியாவுக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. அப்பாயி ஊரில் பதினோரு மணிக்கு வேலை முடித்துப் போன் போடுவார்கள். இங்கே அப்போது ஒன்பதரை.

“தங்கம் எங்கய்யா?”

“தூங்குறாம்மா.”

“உடம்புக்கு ஏதும் முடியலையா?”

இவ்வுரையாடல் பதினேழு நாளில் பதினான்கு முறை பதிவாகியுள்ளது. எஞ்சிய மூன்று நாள் அப்பாயி வீட்டில் கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை.

எழுந்ததும் குளியல். இதைச் சற்று விரித்துரைக்க வேண்டும். வெளியூர் அறிஞர்களுக்கு விளங்காது. மொட்டைமாடித் தொட்டியில் நாள் முழுக்க வெயில் குடித்த தண்ணீர், பச்சைத் தண்ணீர்க் குழாயில் கொதிக்கக் கொதிக்க வரும். அதற்கென ஒரு முறை உண்டு. ஜூன் பிறந்ததும் ஹீட்டரை அணைத்துவிட வேண்டும். குளியலறைக்குள் ஏசிக் குளிரில் தொங்கும் அந்த ஹீட்டரின் வயிற்றில் கிடக்கும் தண்ணீர் ஆறிவிடும். பிறகு சிவப்புக் குறி போட்ட குழாயைத் திறந்தால் குளிர்ந்த நீர், நீலக் குறியைத் திறந்தால் வெந்நீர். சிவப்பு நீலமாகவும் நீலம் சிவப்பாகவும் திரிவது இப்பருவத்தின் தலையாய இலக்கணம். வீட்டில் முதலில் குளிப்பவருக்கே அந்த ஹீட்டர் வயிற்றுத் தண்ணீர் வாய்க்கும். ஒரு மணிக்கு எழுபவர் நான்காவது ஆள். ஆகவே ஆய்வுப்பொருள் குளியலறைக்குள்ளிருந்து எழுப்பும் ஓசைகள் தனி ஆய்வுக்குரியன.

குளித்து வந்தால் வெளியே போக முடியாது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்தவெளியில் ஆள் வைத்து வேலை வாங்கக் கூடாது என்று இந்நாட்டில் அரசே தடை போட்டிருக்கிறது. வேலை ஏதும் செய்யாத நம் ஆய்வுப்பொருளும் அத்தடையைச் சிரமேற்கொண்டு, ஏழு மணி வரை நீட்டித்துக் கடைப்பிடிக்கிறது. இருட்டிய பிறகு கீழே இறங்கினால், ஏசியிலிருந்து வெளிவந்த அந்த நொடியே மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி படியும். கட்டட வாசலில் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தபடி பத்துப் பையன்கள் நிற்பார்கள். தெருவோர ஈச்ச மரத்தில் குலைக்கு வலை கட்டியிருக்கும். ஜூலையில் காய் பழமாகும். வலையின் ஓட்டை வழியே கைவிட்டு ஒன்று எடுத்து வாயில் போட்டுக்கொள்வது ஒழுக்கக்கேடா, நிலத்தின் பண்பாடா என்று ஆய்வாளர் முடிவு செய்யவில்லை. ஒன்று எனக்கும் கொடுத்தான். கொடுத்தது என்று திருத்தி வாசிக்கவும்.

இவையெல்லாம் முன்னுரை. ஆய்வின் மையம் கூடத்தில் கிடக்கும் பெட்டி.

மூன்றாம் நாள் பரணிலிருந்து நான்கு பெட்டிகள் இறங்கின. இறங்கிய பெட்டி இனிக் கிளம்பும் வரை மூடாது. வாயைப் பிளந்தபடி டிவிக்கு முன்னால் கிடக்கும். வீட்டார் அதைத் தாண்டித் தாண்டி நடப்பார்கள். தலைக்கு 30 கிலோ, கையில் 7 கிலோ. நான்கு பேர், பெட்டியில் போவது 120 கிலோ. வெறும் பெட்டியே நாலு நாலு கிலோ தின்றுவிடுகிறது. மிச்சம் 104. இந்த 104 கிலோவுக்குள் ஒரு மாவட்டத்தின் எதிர்பார்ப்பை அடக்க வேண்டும்.

ஊரிலிருந்து வரும் பட்டியலை வகைப்படுத்தினேன். கோடாலித் தைலம், பால் பவுடர், டாங், பிஸ்தா, சின்ன அத்தைக்கு ஒட்டாத தோசைக்கல், பெரிய மாமாவுக்கு டைகர் பாம், பேர் தெரியாத ஒருவருக்குப் ‘போன வருஷம் கொடுத்த அதே சென்ட்’. கோடாலித் தைலத்தின் தாயகம் சிங்கப்பூர். பிஸ்தா ஈரானிலிருந்து வருகிறது. பாலைவனத்தில் விளைந்தது என்று பார்த்தால் பேரீச்சம்பழம் ஒன்றுதான், அதைத்தான் ஊரில் யாரும் கேட்பதில்லை. தைலமும் டாங்கும் இன்று பட்டுக்கோட்டைக் கடைத்தெருவிலேயே கிடைக்கின்றன. இத்தகவலை அப்பாயியிடம் சொன்னபோது கிடைத்த மறுமொழி: “அது வேற, இது வேற.” இதற்கு மேல் ஒரு கோட்பாடு இதுவரை உருவாகவில்லை.

வாங்குவதற்கு ரோலாவுக்குப் போனோம். ரோலா என்பது அங்கே நின்ற பெரிய ஆலமரத்துக்கு வழங்கிய பெயர். மரம் போய்விட்டது. நினைவுக்குச் சிற்பம் ஒன்றை வைத்திருக்கிறார்கள். சுற்றிலும் பெட்டிக் கடை, கயிற்றுக் கடை, எடைக் கருவிக் கடை. ஆலடியில் சந்தை கூடுவது நமக்குப் புதிதல்ல என்று மகனிடம் சொன்னேன். அவன், மன்னிக்கவும், அது காதிலிருந்து இயர்போனை எடுத்து, “என்னப்பா?” என்றது. திரும்பும் வழியில் கிங் அப்துல் அஜீஸ் சாலையில் வண்டி நெரிசலில் நின்றோம். அந்தச் சாலை ஒருகாலத்தில் விமான ஓடுதளம். 1932-ல் லண்டனிலிருந்து இந்தியாவுக்குப் பறந்த விமானங்களுக்காக அமைந்த நிலையம் அது. பயணிகள் இரவு தங்க மதில் சூழ்ந்த விடுதியும் கட்டினார்கள். இப்போது அருங்காட்சியகம். ஆகவே ஷார்ஜாவில் உட்கார்ந்து இந்தியா போகும் விமானத்துக்காகக் காத்திருப்பது நம் வீட்டில் தோன்றிய வழக்கம் அல்ல, தொண்ணூறு ஆண்டு கடந்த மரபு என்று நிறுவினேன். “அவங்க ஒரு ராத்திரிதான் இருந்தாங்க” என்றது ஆய்வுப்பொருள். குறிப்பிடத்தக்க மறுப்பு. விடை காணவில்லை.

இப்போது கருதுகோள். ஒன்பது வயதுத் தங்கை காலண்டரில் நாள்தோறும் சிவப்பு மையால் பெருக்கல் குறி போடுகிறாள். “இன்னும் பதினோரு நாள்” என்று குளித்துவிட்டு வரும் ஒவ்வொருவரிடமும் அறிவிக்கிறாள். ஆய்வுப்பொருள் அவளைக் கேலி செய்தது. பதினேழு நாளில் ஒருமுறைகூட ‘எத்தனை நாள்’ என்று அது கேட்கவில்லை. மாறாக, “அங்க போய் என்ன பண்றது” என்று ஆறு முறையும், “அங்க நெட்டு இழுக்குமா” என்று நான்கு முறையும் சொன்னது. இச்சான்றுகளைக் கொண்டு ஆய்வுப்பொருளுக்கு ஊர் மேல் நாட்டம் இல்லை என முடிவுகட்டியிருந்தால் பெரும்பிழை நேர்ந்திருக்கும்.

ரோலாவில் வாங்கிய தொங்கு தராசு அதன் கைக்குப் போய்ச் சேர்ந்தது. பெட்டிக் கைப்பிடியில் கொக்கியை மாட்டி, இரண்டு கையாலும் மூச்சுப் பிடித்துத் தூக்கி, எண் நிற்கும் வரை அசையாமல் நிற்க வேண்டும். வீட்டில் வேறு யாராலும் ஆகாத காரியம். ஐந்தாம் நாள் தானாகவே வந்து, “அப்பா, இருபத்தி மூணு” என்றது. ஒன்பதாம் நாள், “அறுபத்தி ஒண்ணு.” பதின்மூன்றாம் நாள் நள்ளிரவு ஒரு மணிக்கு என் அறைக் கதவைத் தட்டி, “நூத்தி நாலு” என்றது. தைலம் ஒரு டஜன் ஏறினால் ஒரு எடை, பால் பவுடர் டின் ஏறினால் ஒரு எடை, யாரும் ஒன்றும் வைக்காத நாளிலும் ஒரு எடை. பதினைந்து வயதுக்காரன் ‘எத்தனை நாள்’ என்று கேட்டால் மானம் போகும். ‘எத்தனை கிலோ’ என்றால் போகாது. இப்பருவத்தில் காலத்தின் அலகு கிலோ என்பது இதனால் நிறுவப்பட்டது.

ஒரு முரண்சான்றையும் மறைக்காமல் வைக்கிறேன். பதினாறாம் நாள் மொத்த எடை 123.6. நோண்டிப் பார்த்ததில் ஆய்வுப்பொருளின் சட்டைகளுக்கடியில் இரண்டு டம்பெல். தலா இரண்டரை கிலோ. ஜூலையில்தான் உடம்பு வளர்க்கத் தொடங்கியிருக்கிறது.

“ஊர்ல அரிசி மூட்டை இருக்குடா, தூக்கு,” என்றாள் அதன் தாய்.

“அதுல கிரிப் இல்லம்மா.”

அரை மணி நேர வாதத்துக்குப் பின் டம்பெல் இறங்கியது. 118.6. காலியான இடத்தில் ஒரு கிலோவுக்கு எதையோ திணித்துப் பூட்டைப் போட்டது, என்னவென்று சொல்லவில்லை. ஊரில் போய்த் திறந்தபோது தெரிந்தது. பேரீச்சம்பழம், நார்க்கூடையோடு. “அப்பாயி போன வருஷம் ஒண்ணு மட்டும் தின்னுட்டு மிச்சத்தை எடுத்து வச்சாங்க, அதான்.” ஊரில் யாரும் பேரீச்சம்பழம் கேட்பதில்லை என்று மேலே எழுதிய வரியைத் திருத்தாமல் விட்டிருக்கிறேன். கேட்கவில்லை என்பது உண்மைதான்.

விமானம் அதிகாலை 2.40-க்கு. பதினொன்றரைக்கு டாக்ஸி சொல்லியிருந்தோம். பகல் ஒரு மணிக்கு எழும் ஆய்வுப்பொருள் அன்று ஆறு மணிக்கே எழுந்து ஹீட்டர்த் தண்ணீர் முழுவதையும் தீர்த்துவிட்டது. இரவு எட்டு மணிக்கு ஷூ போட்டு, லேஸ் கட்டி, கதவோரப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தது.